குறி தவறாத பந்து

என்னால் எதையும் வீச முடியாது. மாடியில் நிற்கும்போது என் வீட்டுக்காரர் கீழே இருந்து “சாவியைப் போடு” என்றால், இறங்கிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு ஏறுவேன். “ஒரு சாவியப் போட இவ்வளவு யோசனையா?” என்று கேலி செய்வார். பதினைந்து வயதில் நான் பள்ளி பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியவள் என்பது அவருக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்பது தெரியாது.

எங்கள் பள்ளி மைதானம் சம்பா அறுவடை ஆனதும் கொள்முதல் நெல்லைக் கொட்டி வைக்கப் போய்விடும். அறுத்த வயலிலும் ஆட முடியாது, உளுந்து முளைத்திருக்கும். கால் வைத்தால் வசவு விழும். அதனால் அணையில் தண்ணீர் நிறுத்திய பிறகு வெண்ணாற்றுக்குள் இறங்கித்தான் பயிற்சி. பாலத்துக்குப் பக்கத்தில், மணல் இறுகிக் கிடந்த இடத்தில் மண் கொட்டி மேடு கட்டியிருந்தோம். அதில் நின்று வீசுவேன். பாலத்தில் போகிற வண்டிகள் நின்று வேடிக்கை பார்க்கும். வேகத்தில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. கோபத்திலும் இல்லை.

எங்கள் பி.டி. சாருக்கு என் கையைப் பற்றிக் கவலை இல்லை, மண்டையைப் பற்றித்தான். “மட்டையப் பாக்காத, அடிக்கிறவ மூஞ்சியப் பாக்காத. பந்து பிடிக்கிறவ கிளவுஸ மட்டும் பாரு. ஒரு பந்து போனா போச்சு, அதைத் தூக்கிக்கிட்டு அடுத்த பந்துக்கு வராத” என்பார். நான் சரி சார் என்பேன். ஆனால் ஒருத்தி என் பந்தை அடித்துவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா எனக்காகவே அடிக்கடி சொல்வாள்.

என் பந்தை அடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அடுத்த தெருவில் இருந்த என் தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வந்த அன்று, அவள் என் பந்துகளை வரிசையாக விளாசினாள். நான்காவது பந்து ஆற்றங்கரை ஏறிப் போனது. “எல்லாம் கரை மேல போயி நில்லுங்கடி, இன்னிக்கு இவகிட்ட சரக்கு ஒண்ணும் இல்ல!” என்று சிரித்துக்கொண்டே கத்தினாள். பாலத்தின் மேலும் சிரித்தார்கள்.

அடுத்த பந்துக்கு நான் கிளவுஸைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பயமுறுத்த வேண்டும், மூக்குக்கு முன்னால் பந்து போக வேண்டும், அவள் பதறி மணலில் விழ வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பந்து விரலை விட்டுப் போன நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது எதற்கு வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பந்து இடது காதில் பட்டது. ஹெல்மெட்டில் அந்தப் பக்கத்துக் காது மூடி எப்போதோ உடைந்து போயிருந்தது. அது எனக்கும் தெரியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை, அந்தக் காது மட்டும் போய்விட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. “கை நழுவிடுச்சு, என்ன பண்றது” என்றார் சார். “பாலத்து மேல அத்தனை சனம். கண்ணு பட்டுடுச்சு” என்றாள் அம்மா. தோழி வீடு திரும்பிய அன்று பார்க்கப் போனேன். நான் அத்தை என்று கூப்பிடும் அவள் அம்மா, எங்கள் இரண்டு பேரையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து, மகளுக்குச் சுற்றுவதற்கு முன்னால் எனக்குச் சுற்றினாள். “அன்னிக்கு எல்லார் கண்ணும் உன் கை மேலதானே இருந்துச்சு” என்றபடி கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் அந்த மிளகாயில் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எத்தனை மிளகாய் வெடித்தாலும் ஒரு தும்மல்கூட வராது என்பார்கள். அன்று நெடி வீட்டையே தூக்கியது. தோழி இருமினாள். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. இருமலைத் தொண்டையிலேயே அடக்கிக்கொண்டு, “பாத்தியா, நெடியே வரல. கண்ணுதான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத” என்றாள். சொல்லி முடித்ததும் கொல்லைப் பக்கம் ஓடினாள். அங்கே அவள் இருமுவது வெகுநேரம் கேட்டது.

அன்று அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தப்பித்திருப்பேன். அதற்குப் பிறகு என் கை எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. மேட்டில் ஏறி நிற்பேன், கிளவுஸைப் பார்ப்பேன், கை பின்னால் போய் முன்னால் வரும், விரல் மட்டும் பந்தை விடாது. விட்டால் காலடியில் விழும். சார் எண்ணிக்கொண்டே போடச் சொன்னார், கண்ணை மூடிப் போடச் சொன்னார், டென்னிஸ் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். “கையில ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மண்டையிலதான்” என்றார். மண்டையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் தோழியே ஒரு நாள் மட்டையோடு வந்து எதிரே நின்றாள். “போடுடி, நான் நிக்கிறேன்” என்றாள். பந்தை மணலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்து மேடு கரைந்தது. நான் மறுபடி ஆடவே இல்லை.

நட்பு மட்டும் விட்டுப் போகவில்லை. எங்கே போனாலும் அவளுக்கு வலப்பக்கமாகவே நடப்பேன். அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன ஐப்பசியில் நாங்கள் இருவரும் சீர்காழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனோம். அவள் சன்னலோரம், கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது அவளுக்கு இடப்பக்கம்.

“நான் வேணும்னேதான் போட்டேன். உன் மூஞ்சியப் பாத்துத்தான் போட்டேன்” என்றேன். முழுவதையும் சொன்னேன், குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. எந்தக் காதுக்குச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவள் சன்னலிலிருந்து திரும்பினாள். “என்னமோ சொன்னியே? அந்தக் காதுல சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் எழுந்து சன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் இரைச்சலுக்கு வலது காதில் கையைக் குவித்து, என் பக்கம் சாய்ந்து காத்திருந்தாள்.

“இங்கெல்லாம் இன்னும் நடவு முடியல போல” என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “ஆமா, தண்ணி லேட்டு” என்றாள்.