தையல்காரர் மனைவியின் ரப்பர் சூட்

துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டும் முக்குளிப்பவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆளும் பொடிசு, கணவரும் தையல்காரர் என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு ‘பட்டன்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நாலு ஆண்கள் ஒரு மதிய இடைவேளை முழுக்க மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த பெயர் அது. உழைப்பை மதித்து அவளும் மறுக்கவில்லை.

கப்பலுக்கு அடியில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் சிப்பியையும் பாசியையும் காலி செய்வது அவள் வேலை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அத்தனை ஆழத்துக்கு இறங்கி வந்து யாரும் யோசனை சொல்ல முடியாது. குடும்பஸ்தர்களுக்கு இதன் அருமை புரியும்.

உடைதான் தகராறு. குளிர்ந்த நீரில் இறங்குகிற மனிதர் எவரும் ஆறடி உயரமும் லேசான தொப்பையும் உள்ள ஆணாகவே இருப்பார் என்பது வெட்சூட் என்கிற ரப்பர் உடையை வாங்கித் தரும் நிர்வாகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குள் பட்டன் நுழைந்தால் இன்னொரு பட்டனுக்கும் இடமிருந்தது. வெட்சூட் தண்ணீரைத் தடுக்காது. கொஞ்சம் உள்ளே விட்டு, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, அங்கேயே பிடித்துவைக்கும். பட்டனின் உடையிலோ தண்ணீர் கழுத்து வழியாக வந்து, முதுகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கணுக்கால் வழியாக வெளியேறியது. உடனே அடுத்த கூட்டம் உள்ளே வந்தது.

குளிர்காலம் தொடங்கியதும் எல்லாருக்கும் முன்னால் அவள்தான் நீலம் பாய்ந்த உதட்டோடு மேலே வந்தாள். மேஸ்திரி கோபப்படவில்லை. கனிவாகப் பேசினார். அதுதான் ஆபத்து.

“இங்க பாரு பட்டன், அடுத்த வாரம் பெரிய சரக்குக் கப்பல் வருது. அதுலயும் பாதியில நடுங்கிக்கிட்டு மேல வந்தேன்னா, அப்புறம் மேலயே இருந்துடும்மா. காத்துக்குழாய் பிடிக்கவும் ஆள் வேணும்ல?”

குழாய் பிடிக்கிற வேலைக்குப் போனவர் யாரும் மறுபடி தண்ணீருக்குள் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

வீட்டில் அவசர ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மாமியார் தொலைநோக்கோடு யோசித்தார்: “சூட்டைச் சுருக்குறதை விட இவளைப் பெருக்க வைக்கிறது சுலபம்டா. ரெண்டு மாசம் என் கையில விட்டுப் பாரு.”

“கப்பல் அடுத்த வாரம் வருதும்மா,” என்றார் தையல்காரர். பிறகு சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்தார், முதுகைப் பிடித்தார், இரட்டைத் தையல் போட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான வேலை. மறுநாள் பட்டன் அதோடு கடலில் இறங்கினாள். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் பீச்சியடித்தது.

“பூவாளிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருந்துச்சுங்க,” என்றாள் பக்குவமாக. தையல்காரர் அன்று சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. அவர் தைத்ததில் எதுவும் இதுவரை ஒழுகியதில்லை. ஒழுகுமா என்று யாரும் ஜாக்கெட்டைக் கடலில் முக்கிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் இருவரும் முக்குளிப்புச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் முதலில் பையன்கள் சைஸை நீட்டினாள். உயரம் சரி; மார்பும் இடுப்பும் ஆட்சேபம் தெரிவித்தன. பிறகு கடையிலேயே தடிமனானது வந்தது. தடித்தால் சூடு என்று எல்லாரும் நம்புவது போலத் தையல்காரரும் நம்பினார். பட்டன் அதற்குள் நின்றபோது கை இரண்டும் காகத்தை விரட்டும் பொம்மை போல விறைத்து நின்றன.

“இதைப் போட்டுக்கிட்டு எப்படிச் சுரண்டுறது? கப்பல்தான் என்மேல வந்து உரசிக்கணும்.”

மூன்றாவது, பெண்களுக்கென்றே வெட்டிய குட்டை சைஸ். நடுத்தரக் கனம். தையல்காரர் தொழில் முறைப்படி அவள் கீழ்முதுகில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். சுகமாகப் போனது. “அளவு கச்சிதம்,” என்று தீர்ப்பளித்தார்.

“அண்ணே, உங்க விரல் போற இடத்துலதான் தண்ணியும் போகும்,” என்றாள் கடைக்காரப் பெண்.

தையல்காரர் தன் விரல்களைப் பார்த்தார். மூச்சு விடவும், சாப்பிடவும், நாளைக்குக் குண்டாகவும் துணியில் இரண்டு விரல் இடம் விட்டே வளர்ந்த தொழில். ஆனால் அவர் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து என்று கூடச் சொல்ல முடியாது, அந்த நிமிடத்திலிருந்தே கட்சி மாறினார். விரல் நுழைந்த சூட்டையெல்லாம் ஒதுக்கினார். கழுத்து, அக்குள், கீழ்முதுகு, மணிக்கட்டு என்று சோதித்தார். “குந்து. கையைத் தூக்கு. குனி.” குந்தும்போது முதுகில் ரப்பர் விலகினால் கழற்றச் சொன்னார். கடைசியாக ஒன்று வந்தது. அதை மாட்டவே அவர் ஒரு காலையும் கடைக்காரப் பெண் ஒரு காலையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. விரல் எங்கேயும் நுழையவில்லை.

“மூச்சு விட முடியுதா?”

“தாராளமா. உங்களை மாதிரி பெருமூச்சு விடத்தான் இடமில்ல.”

அவர் அவள் மணிக்கட்டு விளிம்பைப் புரட்டி, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊசி மறுபக்கமே வரலம்மா. பாதி ரப்பரோட திருப்பியிருக்கான்,” என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

சரக்குக் கப்பல் வந்தது. இறங்கியதும் கழுத்தில் சுரீரென்று ஒரு மடக்குத் தண்ணீர் நுழைந்தது. பட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வெளியேறவில்லை. மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி, சொந்தக்காரர் போல ஒட்டிக்கொண்டது. அவள் சுரண்ட ஆரம்பித்தாள்.

மேலே ஒவ்வொருவராக நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பட்டனின் நீர்க்குமிழிகள் மட்டும் கப்பலின் பின்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தன. மேஸ்திரிக்குப் பயம் வந்து, அவள் இடுப்பில் கட்டியிருந்த சைகைக் கயிற்றை இழுத்தார். நலம் என்று கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி இழுத்தார். இந்த முறை வந்த இழுப்பில் சற்று எரிச்சல் இருந்தது.

தன் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அவள் ஏறினாள். உதடு உதட்டின் நிறத்திலேயே இருந்தது.

“குளிரலையா?”

“கவனிக்கலங்க. அந்தக் கோடியில சிப்பி நிறைய.”

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “சரி, நாளைக்குச் சுக்கான் பக்கம் நீயே பாத்துடு. அதுல எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்ல.”

“பாக்குறேங்க. இப்போ இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சு இழுங்க. ஒத்தையா கழட்ட வராது.”

மேஸ்திரி ஒரு காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.