பறவை கத்திய இடம்

என் மேசையில் ஏழெட்டு மாதம் ஒரு கல் இருந்தது. உள்ளங்கை அளவு, மஞ்சள் கலந்த பழுப்பு, ஒரு முனை மட்டும் கூர். கரண்ட் பில் பறக்காமலிருக்க அதற்கு அடியில்தான் வைப்பேன். அதைச் செதுக்கிய ஆள் வாழ்ந்தது லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன்னால். அதை நான் திருடினேன். இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

நான் கரூர்க்காரி. ஐடி வேலைக்காக வந்து, சென்னையை ஒட்டிய நெமிலிச்சேரியில் ஃபிளாட் வாங்கியவள். இந்த ஊரில் எனக்கு அமைந்த ஒரே சிநேகிதி, நான் அக்கா என்று கூப்பிடுபவர்தான். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம் அவருடையது. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஞாயிறு விடிந்ததும் இருவரும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். என்னுடையது கியர் வைத்தது. கூடவே ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி என்று சகல அலங்காரமும் உண்டு. அவருடையது கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள். ஏற்றம் வந்தால் முன்னால் போவது அவர்தான்.

"இன்னாமா, உன் கியரு தூங்கினு கீதா?" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த மே மாதம் பூண்டி வரை போனோம். நீர்த்தேக்கத்தில் கூழைக்கடாக்கள் அசையாமல் மிதந்தன. ஆற்றோரச் செம்மண் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அந்தப் பக்கம் கற்கால மனிதர்களின் கருவிகள் கிடக்கும் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். திடீரென்று ஓர் ஆள்காட்டிப் பறவை எங்கள் தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தியது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் நிறத்திலேயே, நான்கு முட்டைகள். இன்னும் இரண்டடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

"வந்த வழியே போயிடலாம் வா. எதயும் தொடாத. அதது அங்கங்கயே இருக்கட்டும்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். என் காலடியில் அந்தக் கல் கிடந்தது. குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பறவை கத்துவதை நிறுத்தவே இல்லை.

திரும்பும்போது திருவள்ளூரில் டீ குடித்தோம். அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார். அவர்கள் நிலத்து மேட்டில் வட்டமாகக் கற்கள் நட்டிருந்தனவாம். பாண்டவர் குழி என்பார்களாம். அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். அண்ணன்கள் நிலத்தை மனை போடக் கொடுத்தபோது, மேட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் பொக்லைன் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

"கல்லுங்க எங்கயும் போவல. காம்பவுண்டு சொவத்துக்கு அடியில கீது, ரோட்டுக்கு அடியில கீது. ஆனா இன்னா பிரயோஜனம்? எது எங்க இருந்துச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பை என் மடியில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் மூச்சு விடவில்லை. இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருவது கல்லை எடுத்ததற்காகக்கூட இல்லை, அந்த டீக்கடையில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகத்தான்.

பொங்கல் சமயத்தில் எனக்குக் காய்ச்சல். அக்கா ரசம் கொண்டுவந்தார். மேசையில் தூக்கை வைக்க இடம் பார்த்தவர் கல்லைப் பார்த்துவிட்டார். கையில் எடுக்கவில்லை.

"இது ஏது?"

"அன்னிக்கு அந்தப் பறவை கத்துச்சுல்ல, அங்கதான்க்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ரசம் ஆறிடும், குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு நான் தனியாகப் பூண்டிக்குப் போனேன். கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் அக்காவிடம் போய் நிற்க எனக்கு முகம் இருக்கும் என்று நினைத்தேன். இடையில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. தடமே மாறிக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் செம்மண், எங்கே பார்த்தாலும் கூழாங்கல். எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்தப் பறவை. அது குஞ்சு பொரித்துக் கிளம்பி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். நடுவெயிலில் நின்று அழுதேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எடம் தெரியலக்கா. இங்கேயே எங்கயாவது வெச்சுட்டு வந்துடட்டுமா?"

அக்கா உடனே தடுத்தார்.

"வெக்காத. நாளைக்கு வர்றவன் அது அங்கதான் இருந்துச்சுன்னு நம்பிடுவான். அங்கயே இரு, வரேன்."

இரண்டு மணி நேரம் கழித்து, அந்தக் கூடை சைக்கிளில், வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார். நேராகப் பூண்டியில் இருக்கும் கற்கால அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே இருந்தவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். கேட்டது ஒரே கேள்வி.

"எந்த இடத்துல எடுத்தீங்க?"

அக்காதான் சொன்னார்.

"ஆள்காட்டி முட்ட வெச்சிருந்த எடம், சார்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதை எப்படிம்மா எழுதுறது?" என்றார். பிறகு ஒரு தாளில், இடம் தெரியவில்லை என்று எழுதிக் கல்லோடு சேர்த்து வைத்தார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்த அக்கா, சாவியைப் போட்டபடி அப்படியே நின்றார்.

"எங்க மேட்டுக் கல்ல யாருனா கொண்ணாந்து குடுத்தாக்கூட, இதத்தான் எழுதுவாங்க" என்றார்.