இண்டூர் மாடியில் இரண்டு சென்டிமீட்டர்

“ஏரி எங்க, கெணறு எங்கன்னு கலர் அடிச்சி ஒரு மேப் போட்டுக் குடும்மா. பாஸ் ஆயிடுவ” என்றார், கல்லூரியில் என் கடைசி வருட ப்ராஜெக்டைப் பார்த்துக்கொண்ட சார்.

முடியாது என்றேன். இண்டூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு புள்ளி, அது பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்று ஒரு சென்டிமீட்டருக்குள் சொல்ல வேண்டும். அதுதான் என் ப்ராஜெக்ட்.

போன் காட்டாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போன் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று செயற்கைக்கோள் ஒலிபரப்புவதை அது அப்படியே நம்பிவிடுகிறது. அந்தத் தகவலோ முன்கூட்டியே கணித்து அனுப்பியது, ஒரு மீட்டர் அப்படி இப்படி இருக்கும். ஆனால் உலகமெங்கும் தரையில் நிலையங்கள் இருக்கின்றன. தாங்கள் நிற்கும் இடம் அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும். வருகிற சிக்னலை வைத்து, அந்தக் கோள் உண்மையில் எங்கே இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாதைக் கணக்கை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நன்றாகத் திருத்திய பதிப்பு வர இரண்டு வாரம் ஆகும், அவ்வளவுதான். தரை வானத்தைக் கண்டுபிடிக்கிறது, பிறகு வானம் தரையைக் கண்டுபிடித்துத் தருகிறது! கடத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம்கூட இதை விளக்கினேன். அவள் பாதி வழியிலேயே வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

சார் மசியவில்லை. “அதெல்லாம் பெரிய பெரிய ரிசீவர்ல பண்றது. நீ வச்சிருக்கறது தீப்பெட்டி. ரிசல்ட் வரலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன், பாத்துக்க.”

கையெழுத்து இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் இல்லை, ஒரு வருடம் போச்சு. சரி என்று மாடியில், கால்களை நீட்டிக் குறைக்கிற சர்வே முக்காலியை நிறுத்தி, உச்சியில் ரிசீவரின் ஆன்டெனாவை மாட்டினேன். தளம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருந்ததால், மூன்று கால்களையும் மூன்று நீளத்தில் வைத்துச் சமன் பார்த்தேன். கீழிருந்து எதிரொலிக்கும் சிக்னலைத் தடுக்க ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் தட்டு.

“சோறு திங்கற தட்டப் போயி வானத்துக்கு ஏந்தி வச்சிருக்கியே, அதுல என்ன உழுவுது?” என்றாள் அம்மா.

“சிக்னல்மா. நம்ம நாடே வருசத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடகெழக்கா நவுந்துட்டு இருக்குது. அதக்கூட இதுல பாக்கலாம்.”

“நவுரட்டும். வூடு எங்க போனாலும் பட்டா நம்ம பேர்லதான இருக்குது?”

மூன்று நாள் புள்ளி அசையாமல் நின்றது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் மேற்கே தாவி, ஒரு சென்டிமீட்டர் இறங்கியும்விட்டது.

“சொன்னேன்ல? அந்த நாள வெட்டி எறி, இல்லேன்னா ஏரிக்கு வா” என்றார் சார்.

வெட்டவில்லை. திருத்திய பாதைக் கணக்கு வரும்வரை காத்திருந்து, அதை வைத்து என் கணக்கை மறுபடி ஓட்டினேன். தாவல் அப்படியே இருந்தது. அப்படியானால் தப்பு வானத்தில் இல்லை, மாடியில்.

“ம்மா, அன்னிக்கி முக்காலியத் தொட்டியா?”

“தொடாம? புளிய எங்க காயப் போடறது? கோலமாவுல மூணு காலுக்கும் வட்டம் போட்டுட்டுத்தான் தூக்கினேன். புளியப் பரப்பிட்டு ஒடனே அதே வட்டத்துல வச்சேன். ஒரு மயிரெழ நவுரல.”

வட்டங்களுக்குள்தான் இருந்தன கால்கள். ஆனால் எந்தக் கால் எந்த வட்டம் என்று அம்மா பார்க்கவில்லை. நெட்டைக் கால் இருந்த இடத்தில் குட்டைக் கால். தட்டு லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வைத்தான் என் தீப்பெட்டி பிடித்திருந்தது!

ஓடிப்போய்ச் சொன்னேன். சார் சிரித்தார். “நல்ல கதை. நாளைக்கு ஆடு முட்டுச்சிம்ப.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ டெஸ்ட் வைங்க சார். எனக்குத் தெரியாம எங்கம்மாகிட்ட சொல்லி நவுத்தச் சொல்லுங்க. எவ்வளவுன்னு நான் எழுதித் தரேன். தப்பா இருந்தா ஏரி மேப் போடறேங்க.”

என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு அம்மாவிடம் போனில் பேசினார். ஒரு தாளில் எதையோ எழுதி, கவரில் போட்டு ஒட்டி, டிராயரில் பூட்டினார்.

மறுநாள் அம்மா தையல் டேப்போடு மாடி ஏறி, கால் மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

“எவ்ளோ நவுத்தின?”

“வாத்தியாரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு.”

“பெத்த பொண்ணுகிட்டகூடவா?”

“பெத்ததுக்கும் இதுக்கும் என்னாடி சம்மந்தம்? போயி கணக்குப் போடு.”

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கணக்கு வந்தது. முந்தைய நாளுக்கும் அன்றைக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்; அந்தப் பிசகு தினமும் வருவதுதான், அதாவது நகரவே இல்லை. இருக்க முடியாது, டேப்போடு ஏறினாளே! மறுபடி ஓட்டினேன். அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருந்த செயற்கைக்கோள்களை நீக்கி ஓட்டினேன், பாதி நாளை மட்டும் எடுத்து ஓட்டினேன். ஐந்தாவது தடவை ஓட்டும்போதுதான் உறைத்தது: அம்மாவின் சிரிப்புக்கு ஏற்ற ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலாம் நாளை வெட்டி எறியச் சொன்ன சாருக்கும் எனக்கும் பிறகு என்ன வித்தியாசம்? தாளில் ஒரே வார்த்தை எழுதினேன்.

சார் வாசித்தார். “‘நகர்த்தப்படவில்லை.’ அம்மா டேப்போட மேல போனாங்கன்னு மறுநாளே வந்து நீதானம்மா சொன்ன?”

“போனாங்க சார். ஆனா நவுத்தல.”

“யோசிச்சிக்க. மாத்தறதுன்னா இந்தா பேனா.”

“வேணாங்க சார்.”

கவரைக் கிழித்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘டேப்போடு மேலே போய் நிற்கச் சொன்னேன். தொடக்கூடாது என்றேன்.’

தாளை மறுபடி மடித்தார். “குருட்டு அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்” என்றார்.

“அப்படின்னா இன்னொரு தடவ வைங்க சார். இந்த வாட்டி நீங்களே மாடிக்கு வந்து நவுத்துங்க. ஒரே ஒரு சென்டிமீட்டர் நவுத்துனாலும் சொல்றேன்.”

என் அறிக்கையை இழுத்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே நிமிர்ந்து கேட்டார்: “எந்தக் கெழம வரட்டும்?”