பீட்டர் தொரைக்குக் கருமாதி

போன வாரம் நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். மலையேற்றம் பற்றி அவசியம் படிக்க வேண்டிய புத்தகங்களாம். ஏறியவர்களைவிட இறங்காதவர்கள் கதைதான் அதில் அதிகம். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனாலும் அப்படியொரு புத்தகத்துக்காக நான் கருமாதிச் சோறே சாப்பிட்டிருக்கிறேன், நம்புங்கள்.

சிலோனிலிருந்து குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம். ஊட்டிக் காந்தலில் வளர்ந்த நான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. மழை பிடித்துவிட்டால் ஈரக் கம்பளி வாசனையைத் தவிர அங்கே பொழுதுபோக்கு கிடையாது. ஊட்டிப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஆங்கில மலையேற்றப் புத்தகம் ஒன்றைச் சாயங்காலங்களில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் உட்கார்ந்து அவர்களுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். என் ஆங்கிலம் அரைகுறை. புரியாத இடங்களில் கையை ஆட்டிச் சமாளிப்பேன்.

"மேல என்னா இருக்கு கணக்கப்புள்ள? தேயிலையா?" என்று கேட்டார் செல்லம்மா அக்கா. சிலோனில் கண்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. வெறும் பனி."

"அப்ப யாரு ஏறச் சொன்னா?"

நான் அவசரமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பீட்டர் என்பவருக்குக் கால் முறிந்து, கூட வந்தவர்கள் அவரைப் பனியிலேயே விட்டு இறங்கிய கதையை ஒரு நாள் சொன்னேன். மறுநாள் கொழுந்து பறிக்க ஒருத்தியும் வரவில்லை. மேனேஜர் என்னையும் இழுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார்.

"சாவுங்க. லீவு வேணும்," என்றார் அக்கா.

"யார் செத்தது?"

"பீட்டர் தொர."

"எந்த எஸ்டேட்?"

"இமயமலைங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"அது புத்தகத்துல வர்ற ஆளுங்க அக்கா. செத்து அம்பது வருஷம் ஆச்சு," என்றேன் நான்.

"அப்ப இன்னும் தாமசம் பண்ணலாங்களா?"

உள்ளே படையல் தயாராக இருந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, சுருட்டுக்குப் பதில் பீடி, குளிருமே என்று ஒரு கம்பளி. பக்கத்தில் இன்னோர் இலையும் விரித்திருந்தது.

"இது யாருக்கு?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டு ஆளுக்கு. மண்ணு போட்ட மூணாம் நாளு கப்பலு. கருமாதிக்கு நிக்க விடல," என்றார் அக்கா. "நானும் விட்டுட்டு எறங்குனவதாங்க."

மேனேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். லீவு என்று தனியாக அவர் சொல்லவில்லை. குழம்பு மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அக்காவைப் பின்னால் பிள்ளைகள் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். லயம் காலியாகி, கூரையைப் பெயர்த்த பிறகு சுவரெல்லாம் உண்ணிச்செடி ஏறிவிட்டது. இரண்டு இலை போட்ட இடத்தில் இப்போது யானைகள் நிற்கின்றன. ஆள் கிட்டே போக முடியாது.