மூன்றாம் மாடிச் சட்டை

அர்மிந்தோ ஒரு சிம்பலீனோ கேட்டான். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் பிறந்தவன் காப்பியை அந்தப் பெயர் சொல்லித்தான் கேட்பான். லிஸ்பனில் அப்படிக் கேட்டு சர்வர் முழித்தால் நியாயம். இங்கே, அவன் பிறந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சர்வர் முழித்தான். முழித்ததோடு விடாமல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, படம் போட்ட அட்டை ஒன்றையும் நீட்டினான்.

"ஏம்ப்பா, நான் பேசுனது என்ன சீன பாஷையா? காப்பி! கறுப்புக் காப்பி! நான் இந்த ஊர்க்காரன்யா!"

"ஓ, சரிங்க சார்," என்றான் சர்வர், கொஞ்சமும் நம்பாத முகத்தோடு.

அர்மிந்தோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு வருடமாக லக்சம்பர்கில் டவுன் பஸ் ஓட்டுகிறான். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மூன்று வாரம் ஊருக்கு வருவான். பாதி நாள் மாமியார் வீட்டில், பாதி நாள் கடற்கரையில். அம்மா தியோலிந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள். விடுமுறையின் கடைசி நாளை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டான். ரயில் நிலையத்தில் தொடங்கி, தனியாக, சந்து சந்தாகச் சரிவில் இறங்கி ஆற்றங்கரை வரை ஊரைச் சுற்றுவான். ஒரு வருடத்துக்கு வேண்டிய ஊரை அன்றைக்கே கண்ணால் வாரிக்கொள்வதாக நினைப்பு.

இந்த வருடம் அள்ள அள்ள எரிச்சல்தான் வந்தது. பூட்டும் ஆணியும் விற்ற கடையில் மத்தி மீன் டப்பாக்களை நகை மாதிரி விளக்குப் போட்டு அடுக்கியிருந்தார்கள். அவனுக்கு முதல் முதலாக மீசை ஒதுக்கிய சலூனில் இப்போது பயணப் பெட்டிகளைப் பூட்டி வைக்கும் அலமாரிகள். பாலத்தடியில் ஒரு பிரெஞ்சுக்காரி போனை நீட்டிப் படமெடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் வாய் தவறித் தன் மொழியில் "பரவால்ல" என்றதற்கு, போர்ச்சுகீசு நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டினாள். அவனுக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனை ஆற்றில் வீசியிருக்கலாம்.

இத்தனைக்கும் அடியில் ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. நாளை விடிந்ததும் கார் கிளம்புகிறது. பின்சீட்டில் அம்மாவுக்கு இடம் வைத்திருக்கிறான். எழுபத்தெட்டு வயதில் அறுபத்திரண்டு படி ஏறி இறங்குகிறவளை இனியும் எப்படித் தனியே விடுவது? போன ஞாயிறு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து, "வர்றியாம்மா?" என்று கேட்டான். "பாக்கலாம்" என்றாள். இன்றைக்குப் பதில் வாங்கியாக வேண்டும்.

அம்மாவின் வீட்டு வாசலில் ஒரு சுற்றுலாக் கூட்டம் வழியை அடைத்து நின்றது. நடுவில் மஞ்சள் குடையோடு ஒரு வழிகாட்டிப் பெண். மஃபால்டா என்று அட்டை தொங்கியது. பிரெஞ்சில் பேசினாள். பஸ்ஸில் நாள் முழுக்கக் கேட்கிற மொழி, அவனுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

"மேலே பாருங்கள், மூன்றாம் மாடி. அந்தச் சட்டை தெரிகிறதா? படகோட்டி செஃபெரினோவின் சட்டை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஆறு அவரை விழுங்கிவிட்டது. மனைவி இன்றுவரை நம்பவில்லை. நனைந்து வருவாரே, மாற்றுத்துணி வேண்டுமே என்று துவைத்து மாட்டி வைத்துக் காத்திருக்கிறாள்."

முன்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அர்மிந்தோவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"பொய்!" என்று பிரெஞ்சிலேயே கத்தினான். "செஃபெரினோ முங்கவும் இல்ல, மொதக்கவும் இல்ல! ஆத்துக்கு அந்தக் கரையில ரொட்டிக்கடைக்காரியோட குடித்தனம் பண்ணிக்கிட்டு, நல்லாத் தின்னு கொழுத்துக் கெடக்கான்!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டியது. மஃபால்டா வெளுத்துப்போய், "ஐயா எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு படியேறினான்.

மேலே அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் முதலில் சொன்னதை அச்சில் போட முடியாது. ஆற்றங்கரைப் பெண்களின் வாய் அப்படி.

"கீழ நின்னு தொண்ட கிழியக் கத்துனியே, ஒன்னை யாருடா கூப்பிட்டா?"

"அவ புளுகுறாம்மா! அந்த ஆளு செத்துட்டானாம், நீ காத்துக்கிட்டு இருக்கியாம்!"

"அவ எங்க புளுகுனா? நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீயா? ஓடிப்போனவன் சட்டையத் தொவச்சு மாட்டுறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"அவன் சட்டையா! அத அன்னிக்கே கிழிச்சுத் தரை தொடச்சாச்சு." ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கொடியிலிருந்து சட்டையை வெடுக்கென்று இழுத்து அவன் மார்பில் எறிந்தாள். "கண்ணு இருக்கில்ல? பாரு!"

நீலக் கட்டம் போட்ட சட்டை. பையின் மேல் பாதி நூல் உதிர்ந்த பட்டறைப் பெயர். லக்சம்பர்க் போவதற்கு முன்னால் அவன் வேலை பார்த்த கார் பட்டறை. காலரில் சிகரெட் சுட்ட ஓட்டை. அவன் சுட்டது.

"பெட்டியில வச்சாப் பூச்சி அரிக்கும்னு அப்பப்ப தொவச்சுப் போடுவேன். அந்தப் பொண்ணு ஒரு நாளு ஏறி வந்து யாரு சட்டைன்னு கேட்டா. என்ன சொல்லச் சொல்ற? மகன் பஸ் ஓட்டுறான், வருஷத்துக்கு மூணு ஞாயித்துக்கெழம வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போவான்னா? அதுக்கு எவ அழுவா? அதான் ஒங்கப்பனை ஆத்துல முக்கிட்டேன்."

அர்மிந்தோவுக்கு முகம் சுட்டது. பதிலுக்குக் கோபம்தான் கைக்கு அகப்பட்டது. "அதுக்குத்தானே கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன்! இங்க ஒனக்கு என்ன இருக்கு? காப்பி கேட்டா இங்கிலீசுல பதில் சொல்றான்! ஒருத்தனுக்கும் நம்மளத் தெரியல!"

"ஒன்னைத்தான் தெரியல. என்னைய இந்தத் தெரு நாய்க்கும் தெரியும். அங்க வந்து ஒன்னை மாதிரி நான் காப்பிக்கு அலையணுமா?"

மூலையில் புதுப் பெட்டி நின்றது. விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அதன் மேல் வெங்காயக் கூடை. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கீழே வேறொரு கூட்டத்தின் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா அவன் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி, உதறி, கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

"தள்ளி நில்லு."

"ஏன்?"

"நீ ஜன்னல்ல தெரிஞ்சா, நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு எவன் நம்புவான்?"

அர்மிந்தோ பின்னால் நகர்ந்து, பெட்டிப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றான்.