அரிமளத்தில் வெயிலுக்கு ஓர் அறை

புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடு கட்டித் தரும் இன்ஜினியருக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: வெயிலை வாசலோடு திருப்பி அனுப்புவது. அந்த வெயிலையே உள்ளே கூட்டி வந்து உட்கார வைக்கச் சொன்னால் என்ன பாடு படவேண்டும் என்பதை, ஒரு கழிப்பறையாவது கட்டிப் பார்த்து நொந்துபோன உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மகள் வீட்டு வெயில்

அரிமளம் செல்லையா கத்தாரில் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். என் அலுவலகத்துக்குள் வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, "இன்ஜினியர் சார் எப்ப வருவாக?" என்றார். நான்தான் இன்ஜினியர் என்றேன். அதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, போனை நீட்டினார். லண்டனில் இருக்கும் மகள் வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் ஓர் அறை. அதற்குள் மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயில் காய்கிறாள். அதே மாதிரி ஒன்று இவர் வீட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டுமாம்.

"அங்கே வெயில் விருந்தாளிங்க, எப்பவாவது வரும். நமக்கு அது வீட்டோட மாப்பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி தனபாக்கியம் மொட்டை மாடிப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாராம். நடக்க முடிந்தும் அறையை விட்டு வருவதில்லை. காலை வெயிலில் உட்காரச் சொல்லி டாக்டர் சொல்லியாயிற்று. வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள் என்று அந்தம்மா மறுத்துவிட்டார். இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? செருப்பை மாட்டிக்கொண்டே செல்லையா சொன்னார்: "நாளெல்லாம் மாடியில ஏதாச்சும் வேலையா திரிஞ்சவம்மா அவ. மறுபடி அவள வெளிச்சத்துல பாக்கணும், அம்புட்டுத்தான்."

கழுத்தளவு சுவர்

முழங்கால் உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. படம் வரைந்து கொடுத்து, அளவுக்குக் கோடும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் விராலிமலையில் நடந்த இன்னொரு வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் என் கழுத்து வரைக்கும் செங்கல் நிற்கிறது. கொத்தனார் ஆறுமுகம் சாரத்தில் ஏறி நின்று அடுத்த வரி வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரில் பூச்சு வேலையைத்தான் ரசிக்கலாம்.

கத்தினேன். இடிக்கச் சொன்னேன். முதல் செங்கலைப் பெயர்க்கும்போது, பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார் ஆறுமுகம். "செவுத்துக்குப் பதிலா கண்ணாடிய வச்சா அதுக்குப் பேரு வீடு இல்லைங்க மேடம், நகைக்கடை."

எங்கேயும் போகாத கதவு

தனபாக்கியத்தின் தம்பி முத்தையா வாஸ்து தெரிந்தவர். தெரியும் என்று அவர்தான் சொன்னார். வீட்டில் இருக்கும் கதவுகளையெல்லாம் எண்ணிவிட்டு, புது அறைக்கு ஒரு கதவு வைத்தால் கணக்கு ஒற்றைப்படை ஆகிவிடும், அக்கா உடம்புக்கு ஆகாது என்று குண்டைப் போட்டார். செல்லையாவின் முகம் வெளுத்துவிட்டது. பழைய கதவு ஒன்றைக் கழற்றிவிடலாமே என்றேன். கழற்ற முடிந்தது குளியலறைக் கதவு மட்டும்தான் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

ஆகவே இன்னொரு கதவு. அதற்கு இடம் பக்கத்துச் சந்துப் பக்கம்தான் இருந்தது. அந்தச் சந்தில் ஆடு போகும், அதை விரட்டிக்கொண்டு யாராவது போவார்கள். அளவெடுத்து வெட்டி வந்திருந்த கண்ணாடி வீணாகி, புதிதாக வெட்டிவர ஆள் அனுப்பினேன். அந்தக் கதவு வழியாக யார்தான் வரப்போகிறார்கள் என்று ஆற்றமாட்டாமல் கேட்டேன். முத்தையா அசரவில்லை. "யாரும் வரவேணாம் மேடம். கணக்குக்கு அது பாட்டுக்கு நின்னா போதும்."

சித்திரையில் பால் காய்ச்சினோம்

அனல் வெளியேற மேலே திறந்து மூடும் ஜன்னல்கள் வேண்டும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். மகள் வீட்டில் அப்படி இல்லை என்று செல்லையா ஒரே பிடியாக நின்றார். வேலை முடிந்து பால் காய்ச்சியது சித்திரை மாதம். பால் பொங்குவதற்குள் நாங்கள் பொங்கிவிட்டோம். வந்தவர்கள் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லியபடியே பின்வாங்கி, ஹால் ஃபேனுக்கு அடியில் போய் நின்றார்கள்.

எல்லோரும் போனபின் தனபாக்கியம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்லையா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தம்மா நிலைப்படியிலேயே நின்று கண்ணாடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார். செல்லையா நாற்காலியைப் பிடித்தபடி நின்ற நிலையைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வலித்தது. போகிற போக்கில் தனபாக்கியம் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நான் என்ன மிட்டாய்க்கடை பூந்தியா, கண்ணாடிக்குள்ள வச்சு ஊருக்குக் காட்ட?"

ரூமே போச்சு

அதன்பிறகு செல்லையா கூரைமேல் பச்சை வலை கட்டினார், உள்ளே திரைச்சீலை போட்டார், திருஷ்டி பொம்மையும் மாட்டினார். வெயிலுக்கென்று கட்டிய அறை சரக்கு அடைத்த கிட்டங்கி மாதிரி இருண்டு போனது. அந்தப் பக்கம் போவதையே நான் நிறுத்திவிட்டேன். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன்: "ஒடனே வாங்க, ரூமே போச்சு!" கண்ணாடி உடைந்துவிட்டது என்று நினைத்து ஸ்கூட்டியை விரட்டினேன்.

கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. வலையும் திரைச்சீலையும் சுருட்டி மூலையில் கிடந்தன. உள்ளே வரிசையாகக் கட்டில் போட்டு, வேட்டி விரித்து, கூழ் வடகமும் மோர் மிளகாயும் மாங்காய் வத்தலும் காய்ந்துகொண்டிருந்தன. முந்தின வாரம் அந்தம்மா கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாராம். மாடியைவிட நல்ல காய்ச்சல். காக்காய் கிடையாது, ஆடு கிடையாது, திடீர் மழைக்கு அள்ளிக்கொண்டு ஓடவும் வேண்டாம். விஷயம் தெரிந்ததும் தெருப் பெண்களும் தட்டுத் தட்டாகக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். எந்த வழியாக? முத்தையா கணக்குக்கு வைத்த சந்துக் கதவு வழியாக! அதைத் திறந்துவைத்ததில் காற்றும் வந்தது.

நடுவில் நாற்காலியில் தனபாக்கியம், வெயில் முகத்தில் விழ, அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். யாரும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. "உப்பு சரியாருக்காக்கா?" என்றுதான் கேட்டார்கள். செல்லையா மிளகாய் நெடி தாங்காமல் வெளியே நின்று தும்மினார்; தும்மலுக்கு நடுவே கண்ணாடி வழியாக மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவா இவ்வளவு கண்ணாடியைத் தூக்கிச் சுமந்தோம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமும் வந்தது. தனபாக்கியம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று பக்கத்தில் போனேன். "ஏம்மா, இம்புட்டுப் படிச்சியே, குனியாமக் காயவைக்க இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மேடை போடணும்னு ஒனக்குத் தோணலையா?"

ஊர் பரவிய புகழ்

என் முதல் கண்ணாடி அறையைப் போட்டோ எடுத்து அலுவலகத்தில் பெரிதாக மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் மோர் மிளகாய் விழுகிறது. கடைசியில் அதையே மாட்டினேன். போன வாரம் கோட்டைப்பட்டினத்திலிருந்து படகு வைத்திருக்கும் ஒரு பாய் வந்தார். "இன்ஜினியர் சார் இல்லையா?" என்று கேட்கவே இல்லை, நேராகப் போட்டோ முன்னால் போய் நின்று தலையாட்டினார். என் அருமை தெரிந்த ஒரு மனிதர் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் சொன்னார்: "இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க, எங்களுக்குக் கருவாடு காயணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது சரி, அந்தக் குரங்குக்குத்தான் ஊரில் கிராக்கி என்றால் நான் என்ன செய்வது?