மழை வராத நாளில் வந்த தண்ணீர்

எங்கள் அத்தானுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. சர்க்கரை வியாதியில் எடுத்தது. ஆனால் மழை வரப்போகிறது என்றால், அந்த இல்லாத காலில்தான் அவருக்கு வலி கிளம்பும். "என்னைய விட்டுப் போனாலும் அது சும்மா இல்ல மாப்ள. முன்னாடியே போய் வானத்தப் பாத்துட்டு வந்து சொல்லுது" என்பார்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஒரு மழை பெய்தால் தோட்டத்து மண்சாலையில் டயர் புதைந்துவிடும். அதனால் காலையில் எழுந்ததும் போனில் வானிலை பார்ப்பேன். பிறகு அத்தானுக்குப் போன் அடித்து, கால் என்ன சொல்கிறது என்று கேட்பேன். இரண்டும் ஒரே பேச்சாக இருக்கும் நாளும் உண்டு, ஒன்றை ஒன்று பொய்யாக்கும் நாளும் உண்டு. மழையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்கப் பிடிக்கும். மேகம் கூடினால் சாப்பாட்டுக் கடைக்காரர், "சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான் பாரு" என்பார். என் அக்காவோ, "போன்ல வர்ற மழை பக்கத்து வீட்டுலதான் பெய்யும்" என்பாள்.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தானுக்கு மழை என்பது உயிர்ச் சமாச்சாரம். கிட்னி போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய் மெஷினில் ரத்தம் கழுவ வேண்டும். அத்தானும் அக்காவும் குடியிருக்கும் வீடு கம்போங் குவாந்தானுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. வெளியே போக ஒரே சாலை. அது முங்கினால் மெஷினுக்குப் போக முடியாது. போகாவிட்டால் உடம்பில் சேருகிற நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் முன்னாடியே அவரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கிறோம். டவுனில் என் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. அதனால் வெள்ளத்துக்கு ஒதுங்குகிறவர்களுக்குத் திறந்துவிடும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் படுக்க வேண்டும். முதல் தடவை போனபோது தூறலோடு நின்றுவிட்டது. அடுத்த தடவை தூறலும் இல்லை. மண்டபத்தில் அத்தான் கழிவறைக்குப் போக இரண்டு பேர் தூக்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் வழிவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர் அவர். வீட்டுக்குத் திரும்பி இறங்கும்போது, "இனிமே தண்ணி என் கழுத்துக்கு வந்தப்புறம் வந்து கூப்புடு" என்றார்.

போன வருஷக் கடைசியில் அக்கா மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். வாசலில் கெமாக் கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இடியோடு மழை என்றது போன். அத்தானுடைய காலும் முந்தின நாளே விண்விண்ணென்று தெறித்தது. அக்கா இரண்டையும் காதில் வாங்கவில்லை. கறி குத்திச் சுடும் சாத்தே குச்சியில் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் குத்தி, வேலி மூலையில் நட்டுவைத்தாள். இந்தப் பக்கம் விசேஷ வீடுகளில் மழையை விரட்ட எல்லாரும் செய்வதுதான். மழை நின்றுவிடும் என்று யாரும் சொல்வதில்லை, வேறு பக்கம் போய்விடும் என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் எங்கள் கடைசித் தம்பி மட்டும் தலை நனைந்து வந்து இறங்கினான்.

"அங்க வெள்ளிக்கெழமையில இருந்து ஊத்துதுக்கா. மோட்டார் சைக்கிள எடுக்க முடியல, பஸ்ஸுலதான் வந்தேன்."

"நான்தான்டா இங்கருந்து தொரத்தி விட்டேன். கெடச்சிச்சா?" என்றாள் அக்கா. பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தான் தன் வலது முட்டியைத் தட்டி, "இத்தன நாள்ல இன்னிக்குத்தான் பொய் சொல்லியிருக்கு" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். போனிலும் சூரியப் படம்தான். அத்தானுக்கு வலி இல்லை. சாயங்காலம், ஆற்று மட்டம் ஏறுகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் கவனம் என்று அரசாங்கத்துச் செய்தி வந்தது. அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"துணி காயப் போட்டுருக்கேன்டா, மொறுமொறுன்னு காஞ்சிருக்கு. என்னா தண்ணி?" என்றாள். பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது: "கழுத்துக்கு வந்துச்சான்னு கேளு லா."

செவ்வாய்க்கிழமை விடியும்போது சாலையைக் காணோம். தம்பி இருக்கும் மலைப்பக்கம் பெய்ததெல்லாம் ஆற்றோடு இறங்கி வந்திருக்கிறது. கடலும் ஏற்றத்தில் இருந்ததால் ஆறு வடிய இடமில்லாமல் கரையேறிவிட்டது. காலும் சரி, குச்சியும் சரி, போனும் சரி, எங்கள் வீட்டுக் கூரையில் மழை விழுமா என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்களும் அதைத்தானே கேட்டோம். தண்ணீரைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு செய்தி மட்டும்தான். அதை வெயிலில் காய்ந்த துணியைக் காட்டி அனுப்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு மெஷின் நாள். என் லோரி பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. போனில் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்: கட்டில் மேல் மேசை போட்டு உட்கார வைத்திருக்கிறாளாம், முகம் உப்பிவிட்டதாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மறுநாள் காலையில், ஆற்றங்கரை மின்மினி பார்க்கச் சுற்றுலா ஆட்களை ஏற்றும் மலாய்க்காரர் ஒருவர் தன் படகை வீட்டு வாசல்வரை கொண்டு போய் அவரை ஏற்றிவந்தார். படகிலிருந்து நான் தூக்கினேன். பேச மூச்சில்லாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அக்கா பழைய அக்கா இல்லை. இப்போது அவளுக்கு எல்லாச் செய்தியும் ஒன்றுதான். போனில் மேகப் படம் வந்தாலும் பையைக் கட்டுகிறாள், தம்பி அங்கே மூட்டம் என்று சொன்னாலும் கட்டுகிறாள். இந்த மழைக்காலத்தில் மட்டும் பல தடவை மண்டபத்துக்குப் போய், தண்ணீர் வராமலே திரும்பியாயிற்று.

போன வாரமும் கூப்பிட்டாள். போனேன். சுள்ளென்ற வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை. அத்தான் சக்கர நாற்காலியில் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, நீ போன்ல படிச்சிப் படிச்சிப் பாக்குறவன். நீ சொல்லு. இன்னிக்குத் தண்ணி வருமா?"

"தெரியல அத்தான்."

"தெரியலன்னா என்னா எழவுக்கு வந்த?"

"தெரியலன்னுதான் வந்தேன்."

அவர் கையை எடுக்கவில்லை. அக்கா குனிந்து, அவர் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் தடுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. இரவல் வேனில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். கதவு பூட்டியிருந்தது. யாரும் வரச் சொல்லவில்லையே என்றார் காவலாளி. சாவிக்கு ஆள் போயிருக்க, நாற்காலியைச் சுவரோர நிழலில் நிறுத்தி, நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.